வாங்காத வண்டிக்குக் கட்டிய தவணை

அந்தத் தெருவில் துணி தைக்கக் கொடுக்கிற பெண்களுக்குப் பொறுமை கொஞ்சம் அதிகமாகவே வேண்டும். வேறு கடையில் கொடுத்தால் அளவெடுத்து, தைத்து, மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கினால் அக்குளில் இறுக்குகிறதே என்று நாமே நொந்துகொள்ளலாம். இந்த அக்காவிடம் அந்த வசதி கிடையாது. துணியை வெட்டியதும் கையால் நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டு வைத்துக்கொண்டு, ஆளைக் கூப்பிட்டு அனுப்புவாள். போட்டு நின்றால் மட்டும் போதாது.

"உக்காருங்க. எந்திரிங்க. கீழ விழுந்த சாவியை எடுக்கிற மாதிரி குனிங்க. இப்போ பஸ்ல கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்குங்க."

"அக்கா, நான் என்ன சர்க்கஸ்லயா சேரப்போறேன்?"

"நீங்க போட்டுக்கிட்டு சிலை மாதிரி நிக்கப்போறதில்லையே. இப்பப் பிரிச்சா நூல் போச்சு. தைச்சப்புறம் பிரிச்சா துணியே போச்சு."

திட்டிக்கொண்டேதான் குனிவார்கள், நிமிர்வார்கள். ஆனாலும் அடுத்த துணியையும் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். ட்ரையல் அக்கா என்று யார் முதலில் பேர் வைத்தார்களோ தெரியாது. வாடகைக்கு எடுத்த சின்னக் கடை அது. மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், ஒரு கண்ணாடி, ஒரு திரை. உள்ளே நுழைந்தவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் நுழைய முடியும்.

கடையோடு அந்தப் பழக்கம் நின்றிருந்தால் அவள் வீட்டுக்காரர் நிம்மதியாக இருந்திருப்பார். மெத்தைக் கடையில் வேன் ஓட்டுகிற டிரைவர் அவர். வேலை ஒன்றும் சுலபமில்லை. மெத்தையை ஏற்றவேண்டும், ஓட்டவேண்டும், லிஃப்ட் இல்லாத மாடிகளுக்கெல்லாம் முதுகில் சுமந்து ஏறவேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ட்ரையல்.

ஃபிரிட்ஜ் வாங்கிய கதையைக் கேளுங்கள். கடைக்காரன் தவணைக்குத் தருகிறேன் என்று தலைகீழாக நின்றான். இவள் அவனிடம் மாதத் தவணை எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வந்து, அந்தத் தவணையை ஃபிரிட்ஜ் இல்லாமலே கட்ட ஆரம்பித்தாள். யாருக்கு? தனக்குத்தான். அதற்கென்று பேங்கில் ஒரு தனிக் கணக்கு. "இந்தப் பணம் போயிட்டா மாசக் கடைசி எப்படியிருக்குன்னு ட்ரையல் பாக்கலாம்" என்றாள். வருஷம் முடிவதற்குள் முழு விலையும் சேர்ந்தது. ரொக்கமாகக் கொடுத்து, விலையையும் குறைத்து வாங்கி வந்தாள். குளிர்ந்த தண்ணீரைக் குடித்த டிரைவருக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

இன்னொரு தடவை, பெரிய டிவி. அந்த ட்ரையலில் இரண்டாவது மாதமே மூச்சு முட்டியது. "வேண்டாங்க, கழுத்துல பிடிக்குது" என்று ஓட்டுத்தையலைப் பிரிக்கிற மாதிரி அதைப் பிரித்துவிட்டாள். சேர்ந்த பணத்தில் மகளுக்கு ஒரு சைக்கிள் வந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம். டிரைவரின் மனதுக்குள் ஒரு பெரிய விஷயம் கிடந்தது.

சொந்த வண்டி. வேறு ஆசையே அந்த மனுஷருக்குக் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து முதலாளி வண்டியைத்தான் ஓட்டுகிறார். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார். ஆனால் ராத்திரியானால் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். ஒரு நாளாவது நம் வண்டியில் நம் வீட்டு வாசலில் வந்து இறங்கவேண்டும் என்று அவருக்கு இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ட்ரையல் என்பாளே!

அந்த ஆசையைக் கிளறிவிட வந்து சேர்ந்தார் மச்சான், அவள் அண்ணன். கையில் பளபளவென்று ஒரு காகிதம். புது வேன் படம் போட்டிருந்தது.

"மாப்ள, ஃபைனான்ஸ்காரன் முன்பணமே வேண்டாங்கிறான். கையெழுத்துப் போட்டா சாவி. சொந்த வண்டின்னா வருமானம் ரெண்டு மடங்கு. எத்தனை காலத்துக்கு இன்னொருத்தன் மெத்தையைத் தூக்குவீங்க?"

"முன்பணம் இல்லாம எப்படிக் குடுக்கிறான் மச்சான்?"

"ஒரு நம்பிக்கைக்கு வீட்டுப் பத்திரத்தை வச்சுக்குவான். கடன் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவான். அது என்ன, வீட்டையா தூக்கிட்டுப் போகப் போறான்?"

வீடு என்றால் இரண்டு அறை. இரண்டு பேரும் பத்து வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கியது. சமையலறைக் குழாயை ஒரு தினுசாகத் திருகினால்தான் சொட்டுவது நிற்கும். வாசற்படிக்கு மேலே விழுந்த வெடிப்பை டிரைவரே பூசினார், சிமெண்ட் நிறம் தப்பிப்போய் இன்றைக்கும் தழும்பு மாதிரி தெரியும். அவ்வளவுதான் அரண்மனை. உலகத்தில் அவர்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ட்ரையல் அக்கா அண்ணனுக்கு டீ கொடுத்தாள். காகிதத்தை மகளிடம் கொடுத்து, பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தையெல்லாம் உரக்கப் படிக்கச் சொன்னாள். தவணை தப்பினால் அபராதம். பாதி கட்டினாலும் தப்பியதாகத்தான் கணக்கு. மூன்று தவணை தொடர்ந்து தப்பினால் வண்டியை எடுத்துக்கொள்வார்கள். ஏலம் விட்டும் கடன் தீராவிட்டால் பத்திரத்தின் மேல் கை வைப்பார்கள்.

"ஒரு வருஷம் ட்ரையல் பாத்துட்டு வாங்கலாம்ணே" என்றாள்.

"ஒரு வருஷமா! வண்டி என்ன உன் பாவாடையா, போட்டுப் பாத்து வாங்க?"

டிரைவருக்குக் கோபம் தலைக்கேறியது. "எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடு. நான் கடைசி வரைக்கும் கூலிக்காரனாவே இருக்கேன். உனக்கு அதுதானே வேணும்?"

அவள் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "நீங்களே ஜெயிச்சுக் காட்டுங்க. பன்னெண்டு தவணை ஒழுங்காக் கட்டிட்டா, பத்திரத்தை நானே எடுத்துட்டு வந்து முதல் கையெழுத்துப் போடறேன். அந்தப் பணமும் அப்ப நம்ம கையிலதான் இருக்கும். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

யோசித்துப் பார்த்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதுதான் அவருக்கு ஆத்திரம். அவள் பேச்சில் ஓட்டையைத் தேடித் தேடிப் பார்த்தார். "சொந்த வண்டின்னா வருமானம் கூடுமே, அதை எங்க கொண்டு போய்க் காட்டறது?" என்றார். அதற்கும் வழி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியிடம் வேனை வாடகைக்கு எடுத்து, வெளி லோடு பிடித்து ஓட்டவேண்டும். வருகிற லாபத்தையும் தவணையில் சேர்த்துக்கொள்ளலாம். டயருக்கு, இன்ஷூரன்சுக்கு என்று மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கவும் வேண்டும். சரி என்று ஒத்துக்கொண்டார்.

ஐந்தாம் தேதி காலையில் வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ட்ரையல் அக்கா. பின்பக்கமாக வெளியே போய், சுற்றிக்கொண்டு வந்து, கக்கத்தில் மகளின் பள்ளிக்கூடப் பையை இடுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"சார் இருக்காரா? ஃபைனான்ஸ் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். முதல் தவணை."

மகள் சிரித்துச் சிரித்துச் சுருண்டு விழுந்தாள். டிரைவரும் சிரித்துவிட்டார். பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஆபீஸ்காரி அதை மறுபடி எண்ணினாள். "அடுத்த மாசமும் இதே தேதி சார், மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு நேரே பேங்குக்குப் போனாள்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் மனுஷ மனசு இருக்கிறதே, அதற்கு விளையாட்டெல்லாம் புரியாது. இரண்டு மூன்று தவணை கட்டிய கைக்கு வண்டி நிஜமாகிவிட்டது. டிரைவர் நீல நிறம் என்று முடிவு செய்தார். வீட்டுக்கு முன்னால் வேன் நிற்கிற அளவுக்கு இடத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்தார். அடுத்த வீட்டுக்காரர் ஒருநாள் அங்கே பைக்கை நிறுத்திவிட்டார்.

"சார், வண்டியை எடுங்க. என் வேன் நிக்கிற எடம்."

"எந்த வேன்?"

"தவணை கட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார் டிரைவர். அந்த மனுஷர் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். அன்றிலிருந்து டிரைவரைக் கண்டால் கொஞ்சம் விலகியே நடந்தார்.

ஞாயிறு லோடுகளும் கிடைத்தன. வீடு மாற்றுகிறவர்கள், கடைச் சாமான், ஒருநாள் ஒரு பியானோ. ஐந்து மாதம் தவணை பிசகவில்லை. டிரைவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மச்சானுக்கு ஃபோன் போட்டு, "உங்க தங்கச்சி தோத்துக்கிட்டு வர்றா மச்சான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவளும் சிரித்தாள்.

ஆறாவது மாதம், நாலு மாடி ஏறி மெத்தையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவருக்கு நிமிர முடியவில்லை. இடுப்புக்கு மேலே யாரோ ஆணி அடித்தது போலிருந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியிருக்கிறது, குறைந்தது இரண்டு மாதம் அசையக்கூடாது என்றார் டாக்டர். வேலை செய்த நாளுக்குத்தான் சம்பளம். படுத்த நாளுக்கு முதலாளி பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார், அவ்வளவுதான்.

ஐந்தாம் தேதி வந்தது. கதவு தட்டப்பட்டது.

"இப்பக்கூடவா?" என்றார் டிரைவர் படுத்தபடியே.

"ஆபீசுக்கு உங்க முதுகைப் பத்தித் தெரியாதே சார்" என்றாள் அவள். ஆனால் குரல் பழைய குரலாக இல்லை.

"சொந்த வண்டியா இருந்தா ஆள் போட்டு ஓட்டியிருப்பேன். சும்மாவா நிறுத்தி வச்சிருப்பேன்?"

"நியாயந்தான். அதையும் சேர்த்துக்கலாம்" என்று உட்கார்ந்தாள். தெரிந்த டிரைவர்களிடம் அவரே ஃபோனில் விசாரித்தார். ஆள் சம்பளம், டீசல், அந்த மாதம் லோடு கிடைத்த லட்சணம் எல்லாவற்றையும் பார்த்தால் தவணையில் பாதிகூடத் தேறவில்லை. பாதி கட்டினாலும் தப்பியதாகத்தான் கணக்கு. அபராதத்தையும் சேர்த்து அடுத்த மாதத்துக்குத் தள்ளினாள்.

அந்த இரண்டு மாதமும் வீடு அவளுடைய தையல் மெஷினில் ஓடியது. விடிகாலையில் கடையைத் திறந்து, இருட்டும்வரை காலை மிதியிலிருந்து எடுக்காமல் தைத்தாள். மருந்துக்கு ஒரு நாளும் குறை வைக்கவில்லை. மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்டவேண்டியதைக் கட்டினாள். தட்டில்தான் அயிட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. பேங்கில் கிடக்கிற தவணைப் பணத்தை மட்டும் தொடவில்லை. அது ஆபீஸ் பணமாம். நமக்கு அதில் உரிமை இல்லையாம். படுத்துக் கிடந்த டிரைவர் பல்லைக் கடித்தார். இவள் பெண்ணா, இல்லை பாறையா என்று சுவரைப் பார்த்து முணுமுணுத்தார்.

அடுத்த மாதத் தவணையும் தப்பியது. மூன்றாவது மாதம் எழுந்து நடமாடினார். கடையில் உட்கார்ந்து பில் போடுகிற வேலை கொடுத்தார்கள், பாதிச் சம்பளத்துக்கு. ஐந்தாம் தேதி நெருங்க நெருங்க அவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். பழைய கூட்டாளிகள் இரண்டு பேரிடம் கைமாற்றாகக் கேட்டேவிட்டார். இல்லாத வண்டிக்குத் தவணை கட்ட நிஜமாகக் கடன் கேட்ட ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். நல்ல வேளையாக அவர்களிடமும் இல்லை.

அந்த ஐந்தாம் தேதி மத்தியானம் அவள் கடையை மூடிவிட்டு வந்தாள். கதவைத் தட்டவில்லை. பையும் கையில் இல்லை. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சார், மூணு தவணை தப்பிடுச்சு. வண்டியை எடுத்துக்கிறோம். சாவியைக் குடுங்க."

"போதும்மா. விளையாட்டு போதும், விட்டுடு" என்றார் அவர்.

"சாவியைக் குடுங்க சார்" என்று கையை நீட்டினாள்.

ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. சட்டைப் பைக்குள் கையைவிட்டு, ஒன்றுமில்லாத கையை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெருக்கி வைத்த இடமும், நீல நிறமும், சட்டையை மடித்துவிட்டு நடந்த நடையும் எல்லாம் போயிற்று. குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னாச்சும்மா?"

"அப்பா வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள் அம்மா.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காகிதத்தின் பின்பக்கத்து எழுத்தைப் படித்தவள் அவள்தானே. மெதுவாகக் கேட்டாள். "அப்போ வீடு?"

டிரைவர்தான் சொன்னார். "வண்டி ஏலத்துல பாதி விலைக்குத்தான் போகும். மிச்சத்துக்கு வீடுதான்."

"ஆமா" என்றாள் அவள். "வீடும் போச்சு."

டிரைவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வாசற்படிக்கு மேலே தப்பின நிறத்தில் அந்தப் பூச்சு. உள்ளே குழாய் சொட்டுகிறது. மகளின் புத்தக அலமாரி. ஜன்னல் வழியாக வந்த வெயில் பாயின் பாதியில் விழுந்து கிடந்தது. இதெல்லாம் போய்விட்டது. போனதெல்லாம் இதோ இங்கேயே இருக்கிறது! கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். குளிர்ச்சியாக, கெட்டியாக இருந்தது. அவர் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

முதுகு எப்படியும் இந்த வருஷம் பிடித்திருக்கும். நாலு மாடி ஏறுகிற முதுகு அது. அன்றைக்கு மச்சான் சொன்னபடி கையெழுத்துப் போட்டிருந்தால், இந்த மத்தியானம் இதே சுவருக்கு வெளியே, சாமான்களோடு, மகளோடு தெருவில் நின்றிருப்பார்கள். அந்த மத்தியானத்தை முன்கூட்டியே வீட்டுக்குள் கூப்பிட்டு, உட்காரவைத்து, முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள் இவள். ஊசியும் நூலும் பிடிக்கிற இந்தக் கைக்கு இவ்வளவு பெரிய காரியம் எப்படி வந்தது? இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்கியவளை அவர் புதிதாகப் பார்த்தார். கும்பிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ட்ரையல் முடிஞ்சுதுங்க. இனிமே அது நம்ம பணம். பேங்க் மூடறதுக்குள்ள போய்க் கொஞ்சம் எடுத்துட்டு வர்றேன். பாப்பாவுக்கு முட்டை வாங்கணும், ரெண்டு மாசமா பாவம்."

"ஏம்மா" என்று கூப்பிட்டார். "நான் ஒழுங்காக் கட்டி முடிச்சிருந்தா, நெசமாவே கையெழுத்துப் போட்டிருப்பியா?"

"முதல் ஆளாப் போட்டிருப்பேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? முன்சீட்ல உங்க பக்கத்துல உக்காந்து, ஒருநாள், இந்தத் தெரு முழுக்கப் பாக்க வந்து இறங்கணும்னு எத்தனை நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? வண்டியைத் தூக்கும்போது எனக்கு மட்டும் வலிக்காதா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனவளிடம், "அடுத்த அஞ்சாம் தேதி ஆபீஸ்காரங்க வரட்டும்" என்றார். "முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். ஆனா பத்திரம் கிடையாது. பழைய வண்டியாப் பாப்போம். முக்கால்வாசி ரொக்கம் சேர்ற வரைக்கும் கட்டறேன்." அவள் திரும்பிப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

மாதம் ஒன்று போனது. மச்சான் மறுபடியும் வந்தார். மாப்பிள்ளைக்கு முதுகு சரியானதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். ஆனால் பைக்குள்ளிருந்து அதே பளபளப்பில் இன்னொரு காகிதம் எட்டிப் பார்த்தது. வட்டியைக் குறைத்திருக்கிறார்களாம். இன்னும் ஒரு வாரம்தானாம்.

"பேனாவை எடுங்க மாப்ள. இந்தத் தடவை இவ பேச்சைக் கேட்டு ஏமாறாதீங்க."

டிரைவர் காகிதத்தை வாங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் மச்சான். ஒரு தடவை வீட்டைத் தொலைச்சவன் நான். இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

மச்சான் பதறிப்போனார். தங்கச்சியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "என்ன மாப்ள சொல்றீங்க? எந்த வீட்டை? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"இந்த வீட்டைத்தான்" என்றார் டிரைவர். "நீங்க உக்காந்திருக்கீங்களே, இதைத்தான்."

சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. மச்சான் ஒன்றும் புரியாமல், தான் உட்கார்ந்திருந்த தரையைக் குனிந்து பார்த்தார்.